தாயின் உடல் பருமன்: மகனுக்கு ஒரு விதம், மகளுக்கு வேறு விதம்

சிங்கப்பூரில் குழந்தை பிறந்ததும் பெற்றோருக்குக் கிடைக்கும் சுகாதாரக் கையேட்டில் வளர்ச்சி வரைபடம் ஆண் பிள்ளைக்குத் தனி, பெண் பிள்ளைக்குத் தனி. தடுப்பூசிக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போதெல்லாம் தாதி குழந்தையை எடை பார்த்து, அந்த வளைகோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி வைப்பார். இரண்டு வரைபடம் எதற்கு என்று பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. ஆண் குழந்தை சற்றுக் கனமாகப் பிறக்கும் என்பது நம் பாட்டிமாருக்கே தெரிந்த செய்திதான். ஆனால் அந்த வேறுபாடு வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கருவுறும்போது தாய்க்கு உடல் பருமன் இருந்தால், அதன் விளைவும் மகனிடத்தில் ஒரு விதமாகவும் மகளிடத்தில் வேறு விதமாகவும் வெளிப்படக்கூடும். இந்தச் செய்தி மருத்துவ ஆய்விதழ்களைத் தாண்டி நம் வீடுகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்று எனக்குத் தோன்றுவதால், அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

முதலில் உடல் பருமன் என்றால் என்ன என்பதைப் பார்ப்போம். எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அந்தத் தொகையால் எடையை வகுத்தால் வருவது உடல் எடைக் குறியீடு. அது 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடல் பருமன் என்பது உலகளாவிய அளவுகோல். ஆனால் ஆசியர்களுக்கு இதைவிடக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதய நோயும் வருவதால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இல் 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கைக் கோடுகளாக முன்வைத்தது. சிங்கப்பூரும் அவற்றைத்தான் பின்பற்றுகிறது. 158 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 69 கிலோ எடை இருந்தால் அவருடைய குறியீடு 27.6 ஆகிவிடும். தேக்காச் சந்தையில் அவரைப் பார்க்கிற எவரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். பூசினாற்போல இருக்கிறார், லட்சணமாக இருக்கிறார் என்றே சொல்வார்கள். ஆனால் அவர் உயர் அபாயப் பிரிவில் இருக்கிறார்.

அடுத்து, வளர்சிதை மாற்ற நலம். நாம் உண்ணும் சர்க்கரையையும் கொழுப்பையும் உடல் எப்படிச் செலவழிக்கிறது, எங்கே சேமிக்கிறது, இரத்தத்தில் அவற்றின் அளவை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. இதில் இன்சுலினுக்கு முதன்மையான பங்கு உண்டு. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் உள்ளே போகச் செய்கிறது. உடலில் கொழுப்பு மிகும்போது திசுக்கள் இன்சுலினின் சொல்லுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. இதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். கர்ப்பத்தின் பிற்பாதியில் ஆரோக்கியமான பெண்ணுக்கும் இந்த எதிர்ப்பு இயல்பாகவே கூடும். தாயின் இரத்தத்தில் சத்து சற்றுக் கூடுதலாக நின்றால்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும் என்பதற்காக நஞ்சுக்கொடி தன் ஹார்மோன்களால் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. முன்பே எதிர்ப்புள்ள உடலின்மேல் இந்த இரண்டாம் சுமையும் ஏறும்போதுதான் பலருக்குக் கர்ப்பகால நீரிழிவு வருகிறது.

என் அக்கா மகளுக்கு அப்படித்தான் வந்தது. சிங்கப்பூரில் கர்ப்பிணிகளுக்கு 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைக் கரைசல் பரிசோதனை செய்கிறார்கள். ஏறக்குறைய வளைகாப்புக்கு நாள் பார்க்கிற அதே காலம். வெறும் வயிற்றில் போய் ஒருமுறை இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த திகட்டும் நீரைக் குடித்து, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை, இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் 5.1, ஒரு மணி நேரத்தில் 10.0, இரண்டு மணி நேரத்தில் 8.5 மில்லிமோல் ஆகிய மூன்று அளவுகளில் ஏதேனும் ஒன்றை எட்டினாலே கர்ப்பகால நீரிழிவு என்று உறுதிசெய்கிறார்கள். அவளுக்கு வெறும் வயிற்றில் 5.3. மற்ற இரண்டும் சரியாகவே இருந்தன. வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, பஞ்சு ஒட்டிய முழங்கையைப் பிடித்துக்கொண்டு, “சித்தி, எனக்கு வந்தது வரட்டும், பிள்ளைக்கு என்ன ஆகும்?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் சொன்ன பதில் போதுமானதாக இல்லை. இப்போது எழுதுவதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் முன்வைத்த விளக்கம் இன்றும் இதற்கு அடித்தளமாக இருக்கிறது. தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும்; தாயின் இன்சுலின் போகாது. ஆகவே தாயிடத்தில் சர்க்கரை கூடினால், அதைச் சமாளிக்கும் வேலை குழந்தையின் சின்னஞ்சிறு கணையத்தின்மேல் விழுகிறது. அது தன் சக்திக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறது. கருவிலிருக்கும் குழந்தைக்கு இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளும் ஆகும். அதனால் குழந்தை பெரிதாகிறது, கொழுப்பும் சேர்கிறது. சர்க்கரை மட்டுமல்ல: பருமனான தாயின் இரத்தத்தில் கொழுப்பு அமிலங்களும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் கூடுதலாக இருப்பதால், நீரிழிவே இல்லாத தாயின் பருமனும் குழந்தையைப் பாதிக்கக்கூடும். சர்க்கரை அளவு சரியாக இருக்கிறது என்பதைக் கேட்டு முழுவதும் நிம்மதி அடைந்துவிடும் பழக்கம் நம்மிடையே இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பருமனான தாய்க்குப் பருமனான பிள்ளை பிறப்பது மரபணுதானே, ஒரே சமையலறைச் சாப்பாடுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை காண ஆய்வாளர்கள் ஒரே தாய்க்குப் பிறந்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டார்கள். அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடம் செய்த ஆய்வில், தாய்க்கு நீரிழிவு வருமுன் பிறந்த பிள்ளைகளைவிட, வந்தபின் பிறந்த தம்பி தங்கைகளுக்கே நீரிழிவு அதிகம் வந்தது. கனடாவின் கியூபெக்கில், எடை குறைக்கும் அறுவைச் சிகிச்சைக்கு முன் பிறந்த பிள்ளைகளையும் அதற்குப்பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டபோது, பின்னால் பிறந்தவர்களுக்கே பருமன் குறைவாகவும் இன்சுலின் செயல்பாடு மேலாகவும் இருந்தது. தாய் அதே தாய்தான், வீடும் பெரும்பாலும் அதே வீடுதான். முக்கியமாக மாறியிருந்தது கருப்பையின் சூழல். மரபணுவுக்குப் பங்கில்லை என்பதல்ல இதன் பொருள். கருப்பைக்கும் தனியாக ஒரு பங்கு உண்டு என்பதே.

அந்தப் பங்கு நெடுங்காலம் நீடிக்கிறது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1950-க்கும் 1976-க்கும் இடையே பிறந்த 37,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின்போது உடல் பருமனுடன் இருந்த தாய்மாரின் பிள்ளைகள் வளர்ந்த பருவத்தில் உரிய காலத்துக்கு முன்பே இறக்கும் வாய்ப்பு, இயல்பான எடையுள்ள தாய்மாரின் பிள்ளைகளைவிட 35 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 1980-களில் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் பார்க்கர் எடை குறைந்து பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோய் மிகுதி என்று காட்டியபோது உலகம் பசியைப் பற்றிக் கவலைப்பட்டது. அவர் தொடங்கிய அதே சிந்தனை இப்போது மிகுதியை நோக்கித் திரும்பியிருக்கிறது: வயிற்றில் குறைந்தாலும் தழும்பு, மிஞ்சினாலும் தழும்பு.

கருவில் நடந்தது நாற்பது ஆண்டு கழித்தும் உடலில் எப்படி நிற்கிறது? சில இடங்களில் நேராகவே பார்க்கலாம். 2013-இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், பிறந்து மூன்று வாரத்துக்குள் குழந்தைகளை எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்தார்கள். உடல் பருமனும் கர்ப்பகால நீரிழிவும் சேர்ந்திருந்த தாய்மாரின் குழந்தைகளுக்குக் கல்லீரல் கொழுப்பு, இயல்பான எடையுள்ள தாய்மாரின் குழந்தைகளைவிட 68 விழுக்காடு அதிகமாக இருந்தது. இன்னும் ஒரு வாய் சோறு தின்னாத குழந்தையின் கல்லீரல் அது. விலங்குகளில் நடந்த ஆய்வுகள், பசியையும் நிறைவையும் முடிவுசெய்யும் ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப்பகுதியின் நரம்பிணைப்புகளும் மாறுவதைக் காட்டியுள்ளன. போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோனுக்கு அந்தக் குட்டிகளின் மூளை மந்தமாகவே பதிலளிக்கிறது.

சில மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. அவற்றின்மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக்குறிகள் ஏறுகின்றன. தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ‘க’ என்ற எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் அதிலுள்ள உயிரொலி அடங்கி ‘க்’ ஆகிவிடுகிறது அல்லவா? எழுத்து அழியவில்லை, ஒலி அடங்கியது. மெத்தில் குறியும் பெரும்பாலும் அப்படித்தான்: மரபணு இருந்த இடத்தில் இருக்கும், பேசாது. தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை, கொழுப்பு, அழற்சி ஆகியவை இந்தப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்பதை மாற்றக்கூடும். இத்துறைக்கு மேல்மரபியல் என்று பெயர்.

இப்போது மகனுக்கும் மகளுக்கும் வருவோம். நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அதன் பெரும்பகுதி கருவின் உயிரணுக்களிலிருந்து உருவாவது. ஆகவே ஆண் குழந்தையின் நஞ்சுக்கொடி ஆண், பெண் குழந்தையின் நஞ்சுக்கொடி பெண். பெண்ணின் உயிரணுவில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஒன்று பெரும்பாலும் அடக்கப்பட்டாலும் சில மரபணுக்கள் அதிலிருந்து தப்பிப் பேசுகின்றன. இதனால் உணவைக் கடத்துவதிலும் அழற்சியை எதிர்கொள்வதிலும் இரண்டு நஞ்சுக்கொடிகளும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. பொதுவாக, ஆண் கரு கிடைப்பதையெல்லாம் வளர்ச்சியில் போடுகிறது. தன் நஞ்சுக்கொடியில் கையிருப்பு குறைவாகவே வைத்துக்கொள்கிறது. பெண் கரு சூழல் சரியில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, கையிருப்போடு நகர்கிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு பேர் குடும்பம் நடத்துவதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் முழுவதையும் வீட்டைப் பெரிதாக்கச் செலவிடுகிறார், மற்றவர் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறார்.

பிறக்கும்போதே விளைவு தெரிகிறது. பெண் குழந்தை சராசரியாக எடை குறைந்தது, ஆனால் அந்த எடையில் தோலடிக் கொழுப்பின் பங்கு கூடுதல். தொப்புள்கொடி இரத்தத்தில் இன்சுலினும் பெண் குழந்தைகளுக்கே சற்று அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. அதாவது பெண் பிள்ளை பிறவியிலேயே கொஞ்சம் இன்சுலின் எதிர்ப்போடு வருகிறாள். பின்னால் நடப்பதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் உதவும்.

எலிகளிலும் சுண்டெலிகளிலும் தாய்க்குக் கொழுப்புணவு கொடுத்துச் செய்த ஆய்வுகள் ஏராளம். அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, ஆண் குட்டிகளிடம் இன்சுலின் எதிர்ப்பு, கல்லீரல் கொழுப்பு முதலியவை முன்னதாகவும் கடுமையாகவும் வெளிப்படுகின்றன என்பது. பெண் குட்டிகளிடம் அதே பாதிப்பு மிதமாகவோ காலந்தாழ்ந்தோ வருகிறது. எல்லா ஆய்வுகளும் இப்படிச் சொல்லவில்லை. தாயின் உணவு எது, குட்டியை எந்த வயதில் சோதித்தார்கள் என்பதைப் பொறுத்து முடிவுகள் மாறுகின்றன. இருந்தாலும் போக்கு தெளிவானது. பருவமடைந்தபின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் பெண்ணின் கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்க்கிறது. ஆணுக்கோ அது வயிற்றுக்குள், கல்லீரலைச் சுற்றிச் சேர்கிறது. உள்ளுறுப்புக் கொழுப்புதான் தீங்கில் முந்தி நிற்பது. ஆகவே மகனுடைய பாதிப்பு இளவயதிலேயே இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடும். மகளுடையது ஈஸ்ட்ரோஜனின் நிழலில் பல ஆண்டுகள் மறைந்திருக்கும்.

மறைந்திருப்பதை இல்லாததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெல்சிங்கியில் 1934 முதல் 1944 வரை பிறந்த 13,000-க்கும் மேற்பட்டோரை முதுமை வரை தொடர்ந்து கவனித்த ஆய்வில், தாயின் உடல் எடைக் குறியீடு உயர உயரப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடியது. அந்தத் தொடர்பு மகள்களிடத்தில்தான் வலுவாக இருந்தது. எலிக்குட்டியை ஆறு மாதத்தில் சோதித்து, பெண் தப்பித்தது என்று எழுதிவிடலாம். மனிதப் பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குமேல் மாதவிடாய் நின்று, ஈஸ்ட்ரோஜன் பாதுகாப்பு விலகும்போது கணக்கு மாறுகிறது. அதற்கு முன்பே ஒரு தேர்வும் உண்டு: அவளுடைய சொந்தக் கர்ப்பம்.

அந்தக் கர்ப்பத்துக்கான விதை எப்போது போடப்பட்டது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அத்தனையும் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. ஐந்தாம் மாத வாக்கில் அவற்றின் எண்ணிக்கை அறுபது, எழுபது இலட்சத்தைத் தொட்டுப் பிறகு குறைகிறது. எனவே பெண் குழந்தையைச் சுமக்கும் தாயின் சர்க்கரையும் கொழுப்பும் அந்த மகளோடு நிற்காமல், ஒருநாள் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் பாதி தொடங்கும் முட்டையையும் நனைக்கின்றன. உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவும் தாய்வழியாகவே வருவது. பருமனான பெண் சுண்டெலிகளின் முட்டைகளில் அவை பழுதுபட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மகன் தன் உடலில் சுமப்பதை மகள் இரண்டு இடங்களில் சுமக்கிறாள்.

நம் ஊரில் இதைப் படிக்கத் தனியாகவே ஓர் ஆய்வு நடக்கிறது. ‘கஸ்டோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வு 2009-இல் தொடங்கி, கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200-க்கும் மேற்பட்ட சீன, மலாய், இந்தியக் கர்ப்பிணிகளைச் சேர்த்து, அவர்களுடைய பிள்ளைகளை இன்றுவரை பின்தொடர்கிறது. அந்தத் தாய்மாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. 2015-இல் தொடங்கிய ‘எஸ்-பிரெஸ்டோ’ ஆய்வு ஒரு படி முன்னே போய், கருவுறத் திட்டமிடும் பெண்களையே சேர்த்தது.

இந்தியக் குடும்பங்கள் கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய ஒன்றை 1993-இல் புனேயில் தொடங்கிய ஆய்வின்வழி மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் காட்டினார். புனேயின் சிற்றூர்க் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைவு இருந்தும் தசைதான் குறைந்திருந்தது, தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுத்த உடல். பிறந்த எடை மூன்று கிலோவுக்குள்தானே, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தராசை மட்டும் நம்புவது நம்மவர்க்கு ஒத்துவராது என்பது இதனால்தான்.

என்ன செய்யலாம்? “ஈருயிருக்காரி, ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்ற அன்பான வற்புறுத்தலை நிறுத்துவதில் தொடங்கலாம். முதல் மூன்று மாதங்களில் கூடுதல் கலோரி ஏறக்குறைய தேவையே இல்லை. கடைசி மூன்று மாதங்களில்கூட நாளுக்கு 450 அளவில்தான் தேவை. அமெரிக்காவின் ‘இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின்’ என்னும் மருத்துவ ஆலோசனை அமைப்பின் 2009 பரிந்துரைப்படி, குறியீடு 30-ஐத் தாண்டிய பெண் கர்ப்பத்தில் கூட்ட வேண்டிய மொத்த எடை 5 முதல் 9 கிலோ மட்டுமே. உணவங்காடி நிலையத்தில் தேநீர் கேட்கும்போது ‘கோசோங்’ (சர்க்கரை வேண்டாம்) என்று ஒரு சொல் சேர்ப்பதும், சாப்பிட்டபின் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றிப் பத்து நிமிடம் நடப்பதும் சின்ன செயல்கள்தான், ஆனால் சர்க்கரைமானியில் தெரியக்கூடியவை. அதே வேளையில் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: கர்ப்பம் தொடங்கியபின் உணவையும் நடையையும் திருத்துவதால் கிடைக்கும் பலன் அளவானது. பிரிட்டனில் பருமனான 1,500-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் நடத்திய ‘அப்பீட்’ சோதனையில் எடை ஏறுவது சற்றுக் குறைந்தது, நீரிழிவு குறையவில்லை. எனவேதான் மருத்துவர்களின் கவனம் கருவுறுவதற்கு முந்திய மாதங்களுக்கு நகர்ந்திருக்கிறது.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஒரு கர்ப்பிணியைக் குற்றம் சாட்டுபவர்களை என்னால் ஏற்க முடியாது. அவளுடைய எடையில் அவள் தாயின் கர்ப்பத்துக்கும் பங்குண்டு என்றுதான் இத்தனை நேரம் பார்த்தோம். தந்தையின் பருமனும் விந்தணுவின்வழி பிள்ளையின் வளர்சிதை மாற்றத்தைத் தொடுவதை விலங்காய்வுகள் காட்டுகின்றன. வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே சமையல் மாறினால்தான் அவளுக்கும் மாறும்.

பிறந்தபின்னும் வாய்ப்புகள் உண்டு. தாய்ப்பால், முதல் இரண்டு ஆண்டுகளில் எடை கோட்டைத் தாண்டித் தாண்டி ஏறாமல் பார்த்துக்கொள்வது, மகனுக்குப் பள்ளி வயதிலேயே இரத்த அழுத்தத்தையும் இடுப்பளவையும் கவனிப்பது, மகளுக்கு அவள் கருவுறும் முன்பே சர்க்கரையைப் பார்ப்பது ஆகியவை அவற்றில் சில. தாய்க்கும் பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அதே கரைசல் பரிசோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். பத்தியச் சாப்பாடும் தூக்கமின்மையும் சேர்ந்த அந்த நாட்களில் பலரும் தவறவிடுவது இதுதான்.

என் அக்கா மகள் தவறவிடவில்லை. பெண் குழந்தை, 2.9 கிலோ. மறுபரிசோதனையில் அவளுடைய சர்க்கரை இயல்புக்கு வந்திருந்தது. அன்று மாலை குழந்தையின் கையேட்டை எடுத்து, பெண் பிள்ளைகளுக்கான வரைபடத்தின் ஓரத்தில், கருவுறுமுன் தன் எடை எவ்வளவு, எந்த வாரத்தில் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டது, அளவு என்ன என்று பேனாவால் எழுதினாள். எதற்கு இதெல்லாம் என்று அக்கா கேட்டதற்கு, “இவளுக்கு இருபத்தஞ்சு முப்பது வயசுல டாக்டர் கேப்பாங்கம்மா. அப்ப எனக்கு ஞாபகம் இருக்காது,” என்றாள்.